சூழலுக்குப் பயிர் அளிக்கும் விடை

கிழக்கு இந்தியாவின் சமவெளிகளில் பருவமழை வலுக்கும்போது, நட்டுச் சில வாரங்களே ஆன நெற்பயிர் பல நாட்கள் வெள்ளத்தில் மூழ்கிக் கிடப்பது வழக்கம். வெள்ளம் வடிந்தபின் வயலுக்குச் செல்லும் உழவர், ஒரு வயலில் பயிர் அழுகிப் படிந்து கிடப்பதைக் காண்கிறார். அடுத்த வயலில், அதே ஆழத்தில் அத்தனை நாட்கள் மூழ்கியிருந்த வேறொரு ரகப் பயிர் மீண்டும் தளிர்விடுவதைக் காண்கிறார். மண்ணும் நீரும் உரமும் நடவு நாளும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். வெள்ளத்தை அறிந்தவுடன் அவ்விரு பயிர்களும் எவ்வாறு நடந்துகொண்டன என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

விலங்கினங்கள் வெயில் மிகுந்தால் நிழலுக்குச் செல்கின்றன. நீர் வற்றினால் வேறிடம் நாடுகின்றன. செடிக்கு அத்தகைய வசதி கிடையாது. முளைத்த இடத்திலேயே அது வாழ்ந்து, பூத்து, விதை தந்து முடிய வேண்டும். ஆதலின், தன்னைச் சூழ்ந்துள்ள ஒளி, இருள், வெப்பம், நீர், புவியீர்ப்பு ஆகியவற்றின் குறிப்புகளை அறிந்து, அவற்றுக்கேற்பத் தன் வளர்ச்சியை மாற்றிக்கொள்வதே அதற்குள்ள வழி. எங்கே நீள்வது, எப்போது நிற்பது, எந்த நாளில் பூப்பது என்பனவெல்லாம் இவ்வாறு முடிவாகின்றன.

இது தாவரவியல் மாணவர்க்கு மட்டும் உரிய செய்தி அன்று. கடந்த அறுபது ஆண்டுகளில் நம் நாட்டின் உணவு உற்பத்தியில் ஏற்பட்ட பெரிய மாறுதல்கள் பல, பயிரின் இத்தகைய விடைகளுள் சிலவற்றை அடக்கியும் சிலவற்றைத் தூண்டியும் பெற்றவையே. ஓரிடத்தில் நன்மை தரும் விடை மற்றோரிடத்தில் கேடாக முடியும் என்பதையும் அந்த அனுபவம் கற்பித்துள்ளது.

ஒளியும் புவியீர்ப்பும்

சாளரத்தருகே வைத்த தொட்டிச் செடி ஒளி வரும் பக்கம் சாய்வதை அனைவரும் கண்டிருப்பர். இதன் காரணத்தை ஆராய்ந்த சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் தம் முடிவுகளை 1880 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். புல்லின் இளங்குருத்து நுனியைச் சிறு மூடியால் மறைத்தால் குருத்து வளைவதில்லை. நுனியைத் திறந்துவிட்டு அடிப்பகுதியை மறைத்தால் வளைகிறது. ஆகவே ஒளியை உணர்வது நுனி. வளைவது அதற்குக் கீழுள்ள பகுதி. நுனியிலிருந்து ஏதோ ஒரு தூண்டுதல் கீழ்நோக்கிச் செல்ல வேண்டும் என்று அவர்கள் கருதினர்.

அந்தத் தூண்டுதல் ஒரு வேதிப்பொருளே என்பதை 1920களின் பிற்பகுதியில் ஹாலந்து நாட்டு அறிஞர் பிரிட்ஸ் வென்ட் மெய்ப்பித்தார். ஓட்ஸ் குருத்தின் நுனிகளை வெட்டி அகார் கட்டியின் மீது சிறிது நேரம் வைத்தார். பின்னர் அந்தக் கட்டியை, நுனி நீக்கிய வேறொரு குருத்தின் ஒரு பக்கமாக வைத்தபோது, இருட்டிலும் அக்குருத்து மறுபக்கம் வளைந்தது. நுனியிலிருந்து கட்டிக்குள் இறங்கிய அப்பொருளே ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி. ஒருபுறமாக ஒளி படும்போது ஆக்சின் நிழற்பக்கத்தில் மிகுதியாகச் சேர்கிறது. அப்பக்கத்துச் செல்கள் அதிகமாக நீள்கின்றன. அதனால் தண்டு ஒளியின் பக்கம் சாய்கிறது.

வேருக்கு வழிகாட்டுவது புவியீர்ப்பு. வேர் நுனியை மூடியுள்ள உறையின் செல்களில் மாவுச்சத்து மணிகள் உள்ளன. வேர் கிடைமட்டமாகத் திரும்பினால் இம்மணிகள் கனத்தால் கீழ்ப்பக்கம் படிகின்றன. அதைத் தொடர்ந்து ஆக்சினும் கீழ்ப்பக்கத்தில் மிகுகிறது. தண்டின் செல்களை நீளச் செய்யும் அளவு ஆக்சின், வேரின் செல்களுடைய நீட்சியைத் தடுத்துவிடுகிறது. எனவே மேற்பக்கம் மட்டும் நீண்டு, வேர் கீழ்நோக்கி வளைகிறது. ஒரே பொருள் தண்டில் ஒரு விளைவையும் வேரில் எதிர்விளைவையும் உண்டாக்குவது கருதத்தக்கது. செடிக்குள் செல்லும் செய்திகள் சிலவே. அவற்றைப் பெறும் உறுப்பைப் பொறுத்து விளைவுகள் பலவாகின்றன.

நம் நாட்டில் இத்துறையின் முன்னோடி ஜகதீஷ் சந்திர போஸ் ஆவார். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய வளர்ச்சியைப் பல ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியை அவர் அமைத்தார். ஒளி, வெப்பம், நச்சுப் பொருள்கள் ஆகியவற்றால் வளர்ச்சி வேகம் உடனுக்குடன் மாறுவதை அதன்வழி அளந்து காட்டினார். 1917 ஆம் ஆண்டு கல்கத்தாவில் அவர் நிறுவிய ஆய்வு நிலையம் இன்றும் இயங்கி வருகிறது.

அண்டையிலுள்ள பயிரை அறிதல்

செடி ஒளியின் திசையை மட்டுமன்றி அதன் நிறத்தையும் அறிகிறது. இலையிலுள்ள பச்சையம் ஒளியின் சிவப்புப் பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது; சிவப்புக்கு அப்பாலுள்ள தொலைச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் கடத்தியும் எதிரொளித்தும் விட்டுவிடுகிறது. அதனால் பிற செடிகளின் இடையே வரும் ஒளியில் தொலைச்சிவப்பின் விகிதம் மிகுந்திருக்கும். இந்த விகிதத்தை அறியும் நிறமி பைட்டோகுரோம் எனப்படும். சிவப்பு ஒளி பட்டால் ஒரு வடிவத்துக்கும், தொலைச்சிவப்பு ஒளி பட்டால் மற்றொரு வடிவத்துக்கும் இது மாறுகிறது.

அண்டையில் போட்டியாளர் உண்டு என்று இதன்மூலம் அறியும் செடி, பக்கக் கிளைகளையும் தூர்களையும் குறைத்துக்கொண்டு உயரமாக வளர முற்படுகிறது. காட்டில் இது தக்க உபாயம். நிழலில் பின்தங்கிய செடிக்கு அங்கே வாழ்வில்லை. வயலில் நிலைமை வேறு. அங்கே நிற்கும் செடிகள் யாவும் ஒரே ரகம். ஒவ்வொன்றும் மற்றொன்றை முந்த நீளுமானால், கதிருக்குச் சேர வேண்டிய சத்து தண்டுக்குச் செலவாகிறது. மெலிந்து நீண்ட தண்டு காற்றுக்கும் மழைக்கும் சாய்கிறது. நெருக்கி நட்ட வயலில் பயிர் சாய்வதற்கும், களை மண்டிய வயலில் தூர் குறைவதற்கும் இது ஒரு காரணம். உரிய இடைவெளியுடன் நட வேண்டும், களையைத் தொடக்கத்திலேயே அகற்ற வேண்டும் என்று விரிவாக்கப் பணியாளர் கூறும் அறிவுரைக்குப் பின்னால் இந்த நிறமியின் செயலும் இருக்கிறது.

உயரத்துக்கு இட்ட தடை

1960களுக்கு முன் நம் நாட்டில் பயிரான கோதுமையும் நெல்லும் பெரும்பாலும் உயரமானவை. உரமில்லாத நிலத்தில் களையை மிஞ்சி வளர்வதற்கும், கால்நடைக்கு வைக்கோல் தருவதற்கும் அவ்வுயரம் பயன்பட்டது. தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட்டபோதோ, அவை மேலும் உயர்ந்து, கதிரின் கனம் தாங்காமல் சாய்ந்தன. உரம் இட்டும் விளைச்சல் உயரவில்லை.

தண்டின் உயரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது ஜிப்ரலின் என்ற ஊக்கி. இது நெற்பயிரின் நோய் ஒன்றிலிருந்து கண்டறியப்பட்டது. ஒருவகைப் பூசணம் தாக்கிய நாற்றுகள் இயல்புக்கு மீறி நெடிது வளர்ந்து மடிவதை ஜப்பானிய அறிஞர்கள் ஆராய்ந்தனர். அப்பூசணம் சுரக்கும் பொருளே காரணம் என்று குரோசாவா 1926 இல் காட்டினார். அதே வகைப் பொருள் செடியிலும் இயல்பாகச் சுரக்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. செடியின் செல்களில் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தும் புரதங்கள் உள்ளன. ஜிப்ரலின் வந்து அத்தடையை நீக்கும்போது தண்டு நீள்கிறது.

நோரின் 10 என்ற ஜப்பானியக் குட்டைக் கோதுமையில் இந்தத் தடைப்புரதம் மாறுதலடைந்திருக்கிறது. ஜிப்ரலின் வந்தாலும் அங்கே தடை விலகுவதில்லை. இக்கோதுமையின் வழிவந்தவற்றைக் கொண்டு நார்மன் போர்லாக் மெக்சிகோவில் அரைக்குட்டை ரகங்களை உருவாக்கினார். எம்.எஸ். சுவாமிநாதன் உள்ளிட்ட இந்திய அறிஞர்களின் முயற்சியால் அவர் 1963 இல் இந்தியாவுக்கு வந்தார். அவர் அனுப்பிய வித்துகள் இங்கே சோதிக்கப்பெற்றன. 1966 இல் ஏறத்தாழ 18,000 டன் விதை மெக்சிகோவிலிருந்து இறக்குமதி செய்யப்பட்டது. 1964-65 இல் சுமார் 123 லட்சம் டன்னாக இருந்த கோதுமை உற்பத்தி 1967-68 இல் சுமார் 165 லட்சம் டன்னாக உயர்ந்தது.

நெல்லில் இதே பயன் வேறு வழியாகக் கிட்டியது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966 இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 ரகத்தின் குட்டைத் தன்மை, தைவான் நாட்டு நெல் ஒன்றிலிருந்து வந்தது. அதில் ஜிப்ரலினை உண்டாக்கும் நொதிகளுள் ஒன்று பழுதுற்றிருப்பதால், தண்டுக்குக் கிட்டும் ஊக்கியின் அளவு குறைகிறது. கோதுமையில் செய்தி வந்தும் தண்டு அதற்குச் செவிசாய்ப்பதில்லை. நெல்லில் செய்தியே குறைவாக வருகிறது. இவ்விரு மரபணுக்களின் செயல்முறை முறையே 1999 இலும் 2002 இலும்தான் தெளிவாயிற்று. பயிர்ப் பெருக்க அறிஞர்கள் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, வயலில் கண்ணால் கண்டு தேர்ந்தெடுத்து, அப்பயனை நாட்டுக்கு அளித்துவிட்டனர்.

இரவின் நீளமும் பூக்கும் நாளும்

உயரத்தோடு மற்றொரு விடையும் அக்காலத்தில் அடக்கப்பட்டது. அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு ஆகிய இருவரும், ஒருவகைப் புகையிலை கோடையில் எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும் பூக்காமல் குளிர்காலத்தில் மட்டும் பூப்பதற்கான காரணத்தைத் தேடினர். பகலின் நீளமே அதைத் தீர்மானிக்கிறது என்று 1920 இல் அறிவித்தனர். செடி உண்மையில் அளப்பது தொடர்ச்சியான இருளின் நீளத்தை என்பது பிற்கால ஆய்வுகளில் தெரிந்தது. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் ஒளி பாய்ச்சினால், குறும்பகல் செடிகள் பூப்பது தடைப்படுகிறது. இங்கும் ஒளியை அறிவது பைட்டோகுரோம் நிறமியே.

நம் நாட்டின் மரபுவழி நெல் ரகங்களுள் பல குறும்பகல் பயிர்கள். வங்காளம், ஒடிசா, அஸ்ஸாம் பகுதிகளின் மழைக்கால நெல்லை ஜூனில் விதைத்தாலும் ஜூலையில் விதைத்தாலும், பகல் குறுகும் ஐப்பசியை ஒட்டியே அது பூக்கும். இதனால் உழவருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. மழை பிந்தினாலும், நாற்று முதிர்ந்தபின் நட நேர்ந்தாலும், பயிர் பூக்கும் நாள் பெரிதும் மாறுவதில்லை. மழை ஓய்ந்து வயல்நீர் வடியும் காலத்தில் கதிர் முற்றுகிறது.

ஆனால் இந்தப் பாதுகாப்பே ஒரு கட்டுப்பாடாகவும் ஆயிற்று. நாட்காட்டிக்குக் கட்டுண்ட பயிரை ஆண்டில் இருமுறை எடுக்க இயலாது. பாசன வசதி பெருகியபோது, எப்பருவத்தில் விதைத்தாலும் குறித்த நாட்களில் முற்றும் ரகங்கள் தேவைப்பட்டன. போர்லாக் ஆண்டில் இரண்டு தலைமுறை பெறுவதற்காக, மெக்சிகோவின் வடமேற்குச் சமவெளியிலும் நடுப்பகுதியின் உயர்ந்த பீடபூமியிலும் மாறி மாறிக் கோதுமையை விதைத்து வந்தார். இரு இடங்களிலும் பகல் நீளம் வேறானதால், அதைப் பொருட்படுத்தாத செடிகளே தேர்ந்து நின்றன. காலத்தை மிச்சப்படுத்த மேற்கொண்ட முறை, மெக்சிகோவில் பிறந்த ரகங்கள் பஞ்சாபிலும் விளைவதற்கு வழிசெய்தது. ஐ.ஆர். 8 ரகமும் பகல் நீளத்தைப் பெரிதும் சாராதது. தமிழ்நாட்டில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஏ.டி.டி. 27, 1960களின் நடுவில் தஞ்சை மாவட்டத்தின் குறுவைப் பருவத்தில் பரவியதற்கும் அதன் குறுகிய வயதும் இத்தன்மையுமே துணைநின்றன.

இவ்வாறு பாசன நிலங்களில் பயிர், காலத்தின் குறிப்பைப் பொருட்படுத்தாததாக மாற்றப்பட்டது. நீரும் உரமும் உறுதியாகக் கிட்டும் இடத்தில் இதனால் பெருநன்மை விளைந்தது. வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வரும் மானாவாரி நிலங்களிலோ, அந்தக் குறிப்பை அறிந்து நடப்பதே பயிருக்குக் காப்பாக இருந்தது. ஆகவே அந்நிலங்களின் உழவர்கள் புதிய ரகங்களை ஏற்கத் தயங்கினர். அத்தயக்கத்தை அறியாமை என்று கருதியது பிழை என்பது இப்போது புலனாகிறது.

வெள்ளத்துக்கு இரு விடைகள்

மூழ்கிய நெல்லின் நிலைக்கு இப்போது திரும்புவோம். செடியின் திசுக்களில் எப்போதும் எத்திலீன் என்ற வாயு சிறிதளவு உண்டாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. வாயுக்கள் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகின்றன. எனவே மூழ்கிய செடிக்குள் எத்திலீன் தேங்குகிறது. வெள்ளம் சூழ்ந்துவிட்டது என்பதற்குச் செடி பெறும் குறிப்பு இதுவே. அக்குறிப்புக்கு நெல்லினம் இரண்டு வகையாக விடையளிக்கிறது.

முதலாவது, நீரை மீறி எழுவது. அஸ்ஸாம், வங்காளம், பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளில், மாதக்கணக்கில் ஆழ்ந்த நீர் நிற்கும் தாழ்நிலங்களில் ஆழ்நீர் நெல் பயிராகிறது. எத்திலீன் தேங்கியதும் இதன் ஜிப்ரலின் அளவு உயர்கிறது. தண்டின் கணுவிடைகள் ஒரு நாளில் 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீளக்கூடும். இலை நுனி நீருக்கு மேல் வந்து மூச்சுவிடுகிறது. இந்நீட்சியைத் தூண்டும் ஸ்னார்க்கெல் மரபணுக்களை ஜப்பானிய அறிஞர்கள் 2009 இல் கண்டறிந்தனர். 2018 இல் வெளியான ஆய்வு இன்னும் வியப்பூட்டுவது. ஐ.ஆர். 8 ரகத்தில் பழுதுற்று அதைக் குட்டையாக்கிய அதே மரபணு, வங்கதேசத்து ஆழ்நீர் நெல்லில் மிக்க ஆற்றலுடன் இயங்கித் தண்டை உயர்த்துகிறது. பசுமைப் புரட்சி எதை அடக்கியதோ, அதுவே தாழ்நிலத்து உழவரின் பயிரைக் காத்து வந்தது.

இரண்டாவது விடை, அசையாமல் காத்திருப்பது. ஒரு வாரம் இரண்டு வாரங்களில் வடியும் திடீர் வெள்ளத்தில் நீள முயலும் பயிர், சேமித்த சத்தையெல்லாம் செலவிட்டு, நீர் வடிந்ததும் நிற்க வலுவின்றிச் சாய்கிறது. ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பெற்ற எஃப்.ஆர். 13 ஏ என்ற ரகம் இதற்கு மாறாக நடந்துகொள்கிறது. எத்திலீன் தேங்கியதும் அதன் சப்-1 ஏ என்ற மரபணு செயல்பட்டு, ஜிப்ரலினுக்குத் தண்டு இணங்குவதைத் தடுக்கிறது. வளர்ச்சி நின்று, மாவுச்சத்து மிச்சமாகிறது. வெள்ளம் வடிந்ததும் அந்தச் சேமிப்பைக் கொண்டு பயிர் மீண்டும் தளிர்க்கிறது.

எஃப்.ஆர். 13 ஏ விளைச்சல் குறைந்தது. உழவர் விரும்பிப் பயிரிடத்தக்கதன்று. ஆதலின் இப்பண்பை மட்டும் பிரித்தெடுத்து, மக்கள் விரும்பும் ரகத்தில் சேர்க்கும் முயற்சி நெடுங்காலம் நடந்தது. மரபணு 2006 இல் அடையாளம் காணப்பட்டபின் இது எளிதாயிற்று. ஆந்திரப் பிரதேசத்தில் உருவாகிக் கிழக்கு மாநிலங்களிலும் பரவியிருந்த ஸ்வர்ணா ரகத்துடன் இணைத்து, ஒவ்வொரு தலைமுறையிலும் அம்மரபணுவைத் தாங்கிய நாற்றுகளை மட்டும் ஆய்வகத்தில் இனங்கண்டு, மீண்டும் மீண்டும் ஸ்வர்ணாவுடனேயே கலந்தனர். இவ்வாறு பெற்ற ஸ்வர்ணா சப்-1, 2009 இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. சுமார் இரண்டு வாரங்கள் முழுதும் மூழ்கினாலும் இது பிழைக்கக்கூடியது. வெள்ளமில்லாத ஆண்டில் ஸ்வர்ணாவைப் போன்றே விளைகிறது.

ஒடிசாவின் சிற்றூர்களில் நடத்தப்பெற்று 2013 இல் வெளியான ஆய்வு ஒன்று, திட்டமிடுவோர் கருதத்தக்க உண்மையைக் கூறுகிறது. அங்கே பட்டியல் சாதியினரின் நிலங்கள் வெள்ளம் அதிகம் தேங்கும் தாழ்வான பகுதிகளில் மிகுதியாக இருந்தன. ஆதலின் இப்புதிய ரகத்தால் கிட்டும் பயன் அவர்களுக்கே கூடுதலாக அமையும் என்று ஆய்வாளர்கள் கண்டனர். இத்தகைய விதை உரியவர் கைக்குச் சேர்ந்தால் சமூக நீதிக்கும் அது துணைசெய்யும்.

எனினும் இதனை எல்லா வெள்ளத்துக்கும் மருந்து எனக் கொள்ளலாகாது. மாதக்கணக்கில் நீர் நிற்கும் நிலத்தில் காத்திருக்கும் பயிர் மடியும். அங்கே நீளும் பயிரே வேண்டும். திடீர் வெள்ளம் வரும் நிலத்தில் நீளும் பயிர் மடியும். அங்கே காத்திருக்கும் பயிரே வேண்டும். விதைத்த உடனே நீர் சூழ்ந்தால் விதை முளைக்கும் திறனே தேவை. அது இவ்விரண்டினும் வேறானது. ஒரே வட்டத்தில், சில அடி உயர வேறுபாட்டில், இம்மூன்று நிலைமைகளும் அடுத்தடுத்து இருக்கலாம்.

வறட்சியும் வெப்பமும்

நீர் குறையும்போதும் செடி விரைந்து செயல்படுகிறது. அப்சிசிக் அமிலம் என்ற ஊக்கி மிகுந்து இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. நீர் ஆவியாவது குறைகிறது. ஆனால் கரியமில வாயு உட்செல்வதும் குறைவதால் உணவு ஆக்கமும் குறைகிறது. இங்கும் பிழைப்பதற்கும் விளைவதற்கும் இடையே ஒரு பேரம் உண்டு.

அப்பேரத்தில் பயிருக்குச் சாதகம் தேடித் தருவது வேர். பாசன நெல்லின் வேர்கள் மேல்மண்ணில் பக்கவாட்டில் படர்பவை. பிலிப்பைன்ஸின் மேட்டுநில நெல் ஒன்றில் வேர்கள் செங்குத்தாக இறங்குவதற்குக் காரணமான மரபணு 2013 இல் அறிவிக்கப்பட்டது. புவியீர்ப்புக்கு வேர் வளையும் கோணத்தை இது மாற்றுகிறது. ஆழமற்ற வேருடைய ஐ.ஆர். 64 ரகத்தில் இதனைச் சேர்த்தபோது, வேர் ஆழமாகச் சென்று, வறட்சியிலும் விளைச்சல் மேம்பட்டது. வேர் வளைவதற்கான காரணத்தைத் தேடிய பழைய ஆய்வுகள் வறட்சிக்கேற்ற பயிருக்கு இவ்வாறு அடிகோலின. நம் நாட்டில் ஜார்க்கண்டின் ஹசாரிபாக் மேட்டுநில நெல் நிலையத்தின் வழியாக 2010 இல் வெளியான சஹபாகி தான் என்ற குறுகிய வயது ரகம், மானாவாரி நிலங்களுக்கென உழவர்களின் பங்கேற்போடு தேர்ந்தெடுக்கப்பெற்றது. பங்கேற்பு என்பதே அப்பெயரின் பொருளுமாகும்.

வெப்பத்தைப் பற்றிய அறிவு மேலும் அவசரமானது. ஒளியை அறியும் பைட்டோகுரோம் நிறமிகளுள் ஒன்று வெப்பத்தையும் அறிகிறது என்று 2016 இல் வெளியான ஆய்வுகள் காட்டின. வெப்பம் உயர்ந்தால் கோதுமை விரைந்து முதிர்கிறது. மணியில் பால் பிடித்து நிறையும் காலம் சுருங்கி, மணி சிறுத்துவிடுகிறது. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாட்டின் சராசரி உச்ச வெப்பநிலை, 1901 முதலான பதிவுகளிலேயே அம்மாதத்துக்கு மிக உயர்ந்ததாக இருந்தது. வடமேற்கு மாநிலங்களில் கோதுமை மணி பிடிக்கும் பருவம் அது. அவ்வாண்டு மே 13 அன்று கோதுமை ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டதற்கு, வெப்பத்தால் விளைச்சல் குறைந்ததும் ஒரு காரணம்.

இங்கே புதிய ரகத்தோடு விதைப்பு நாளும் முக்கியமானது. கங்கைச் சமவெளியில் நெல் அறுவடை பிந்தினால் கோதுமை விதைப்பும் பிந்தி, பயிர் கோடை வெப்பத்தில் சிக்குகிறது. உழாமலே விதைக்கும் கருவியைக் கொண்டு நெல் அறுத்த வயலில் உடனே விதைத்தால் சில நாட்களை மீட்கலாம். அதற்கு முந்திய நெல்லை உரிய காலத்தில் நட, கால்வாய் நீரும் உரிய காலத்தில் வர வேண்டும்.

திட்டமிடுவோர்க்குச் சில குறிப்புகள்

மேலே கண்டவற்றிலிருந்து நிருவாகத்துக்கு உதவும் முடிவுகள் சில உண்டு. முதலாவதாக, ரகப் பரிந்துரை மாவட்ட அளவில் நின்றுவிடலாகாது. நிலத்தின் உயரம், நீர் நிற்கும் நாட்கள், வெள்ளம் வரும் பருவம் ஆகியவற்றைக் கிராம அளவில் குறித்துவைத்து, அதற்கேற்ப விதையை ஒதுக்க வேண்டும். மாவட்டம் முழுவதற்கும் ஒரே ரகத்தின் விதையை அனுப்புவது கணக்கெழுத எளிது. தாழ்நிலத்து உழவருக்கு அதனால் நட்டமே.

இரண்டாவதாக, ஒரு ரகத்தைப் பரப்பும்போது அது எந்த நிலைமைக்கு விடையளிக்கும், எந்த நிலைமைக்கு அளிக்காது என்ற இரண்டையும் உழவரிடம் சொல்ல வேண்டும். வெள்ளம் தாங்கும் நெல் என்று மட்டும் கேட்டு வாங்கியவர், நீர் நின்று தேங்கும் வயலில் அதை நட்டு இழப்புற்றால், அடுத்த நல்ல விதையையும் நம்பமாட்டார்.

மூன்றாவதாக, நாட்டு ரகங்களைக் காப்பது. எஃப்.ஆர். 13 ஏ விளைச்சல் குறைந்தது என்று தள்ளப்பட்டு அழிந்திருந்தால், ஸ்வர்ணா சப்-1 பிறந்திருக்காது. தேசியத் தாவர மரபுவளப் பணியகத்தின் விதைக் களஞ்சியமும், கட்டாக்கில் 1946 முதல் இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் தொகுப்பும் இதற்கென உள்ளன. ஆனால் களஞ்சியத்தில் உறங்கும் விதை மாறிவரும் சூழலோடு தானும் மாறுவதில்லை. ஆகவே கேரளத்தின் உவர்நிலங்களில் விளையும் பொக்காளி போன்ற ரகங்களை, அவற்றை இன்றும் பயிரிடும் உழவர்களின் வயல்களிலேயே காக்க உதவுவதும் செலவெனக் கருதத்தக்கதன்று.

பருவமழையின் போக்கும் வெப்பமும் மாறிவரும் காலம் இது. வெள்ளம், வறட்சி, கடும் வெப்பம் ஆகிய மூன்றும் ஒரே ஆண்டில் ஒரே மாநிலத்தில் நேர்வதைக் காண்கிறோம். அவை ஒவ்வொன்றுக்கும் ஏற்ற விடையை நெல்லிலோ கோதுமையிலோ ஏதேனும் ஒரு ரகம், நம் முன்னோர் தேர்ந்து வைத்த பயிர்களுள் எங்கேனும் ஒன்று, ஏற்கெனவே அறிந்திருக்கக்கூடும். அதனைக் கண்டறிவது ஆராய்ச்சியாளரின் பணி. அவ்விதையை அதற்குரிய வயலுக்கு, விதைப்பு நாளுக்கு முன்பே கொண்டுசேர்ப்பது வேளாண்மை அலுவலகத்தின் பணியாகும்.